பூநகரியில் ஒரு மொறிஸ் வண்டி

பழுதடைந்த பழைய வண்டியொன்றை வீட்டு முற்றத்தில் நிறுத்தி, துருவைச் சுரண்டி, மரத்தை மாற்றி, மீண்டும் ஓடச்செய்வது மேனாடுகளில் ஒரு பொழுதுபோக்காக வளர்ந்துள்ளமை பலரும் அறிந்ததே. அங்கு இவ்விருப்பத்திற்குப் பெரிதும் இலக்காவன, உள்ளே படுத்துறங்கவும் சமைத்துண்ணவும் வசதி செய்யப்பெற்ற வான்களாகும். 1950 ஆம் ஆண்டு ஜேர்மனியின் வொல்ஃப்ஸ்பேர்க் நகரில் உற்பத்தி தொடங்கிய வொக்ஸ்வாகன் வானுக்கு, அடுத்த ஆண்டிலேயே வெஸ்ற்ஃபாலியா நிறுவனத்தார் படுக்கையும் மேசையும் அலுமாரியும் பொருத்தி விற்கத் தலைப்பட்டனர். வீட்டைச் சில நாட்களுக்கு மறந்திருக்க விரும்பியவர்கள் அதனை வாங்கினார்கள். வன்னி மக்களும் வண்டியில் வாழ்ந்தவர்கள்தாம். ஆயின் 2008 இன் பிற்பகுதியிலிருந்து 2009 மே வரை, உழவு இயந்திரத்தின் பெட்டிகளிலும் வான்களிலும் தறப்பாளைக் கட்டிக்கொண்டு கிழக்கு நோக்கி நகர்ந்த அவர்கள் வீட்டை மறக்க விரும்பியவர்களல்லர். எனவே, வன்னியில் ஒருவர் ஒரு பழைய வண்டியை மீட்க முனையும்போது, அம்முயற்சிக்கு மேனாட்டுப் பொழுதுபோக்கின் இலக்கணம் முழுதாகப் பொருந்துவதில்லை. பூநகரியில் ஒரு வீட்டு முற்றத்தில் சில ஆண்டுகளாக நடைபெற்றுவந்த ஒரு வேலை இதனை விளக்கப் போதுமானது.

வண்டி மொறிஸ் மைனர் வகையைச் சேர்ந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948 இல் இலண்டன் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. 1953 இல் அதன் பின்பகுதியை நீட்டி, மரச்சட்டத்தாலான பெட்டி ஒன்றை அமைத்து, ‘ட்ரவலர்’ என்னும் பெயரில் வெளியிட்டனர். அம்மரச்சட்டம் அலங்காரத்திற்காக ஒட்டப்பட்டதன்று. ஆஷ் என்னும் ஆங்கில நாட்டு மரத்தாலான அச்சட்டமே பின்பகுதியின் கூரையையும் கண்ணாடிகளையும் கதவுகளையும் தாங்கிநிற்பது. மரம் உக்கினால் வண்டி உக்கியது என்றே பொருள். பூநகரி வண்டி 1955 இல் இலங்கையில் பதிவுசெய்யப்பட்டது. முன்கண்ணாடி இரு துண்டுகளாக அமைந்த பழைய மாதிரி. இயந்திரம் தொடக்கத்தில் 803 கனசென்ரிமீற்றர் கொள்ளளவுடையதாக இருந்தது. இப்போது உள்ளது 948. பின்னொரு காலத்தில் வேறொரு மொறிஸிலிருந்து கழற்றிப் பூட்டியது.

இது குடும்பத்தின் கைக்கு வந்தது 1974 இல். 1970 முதல் 1977 வரையிலான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் புதிய கார் என்பது கண்ணிற் காணக் கிடையாத பொருளாயிற்று. அதே கட்டுப்பாடு யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளருக்கும் வன்னியின் நெல் விவசாயிகளுக்கும் நல்ல விலையைத் தேடிக்கொடுத்தது. கையிற் பணம் சேர்ந்தது, வாங்கப் புதிய வண்டி இல்லை. ஆகவே இருந்த ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் கைமாறிக் கைமாறி ஓடின. வடக்கின் வீதிகளில் பிற்காலத்தில் வெளியூரவர் கண்டு வியந்த பழைய கார்களின் தொகைக்குக் காரணம் பழைமைப் பற்று அன்று, பொருளாதார நிலைமையே என்பது மனங்கொள்ளத்தக்கது. மொட்டைக்கறுப்பன் நெல் விற்ற பணத்தில், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவரிடமிருந்து வாங்கப்பட்ட இவ்வண்டி, கேரதீவிலிருந்து சங்குப்பிட்டிக்குப் பாதையில் ஏற்றப்பட்டு வந்திறங்கியது. பாதை என்பது அப்பகுதியில் வண்டிகளைக் கடலேரிக்கு அக்கரை சேர்க்கும் மிதவைக்குப் பெயர். பெட்டியில் நெல்மூடை, வைக்கோல், பிரசவத்திற்குப் போகும் பெண்கள், ஆசுபத்திரியிலிருந்து திரும்பும் கிழவர்கள் என எல்லாமும் எல்லாரும் ஏறியிறங்கினர்.

இனி, மண்ணெண்ணெய்க் காலம். 1990 இல் வடக்கின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோல், பற்றறி, வாகன உதிரிப்பாகம் ஆகியன அடங்கியிருந்தன. 2002 இல் தடை தளர்ந்த நாள்வரை வடக்கின் வாகனங்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடின. இதனைத் ‘தமிழனின் மூளை’ என்று வியந்துரைத்து முடித்துவிடுவார் உளர். வியப்பு ஒருபுறமிருக்க, அதன் பொறிமுறை அறியத்தக்கது. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாவதில்லை; குளிர்ந்த இயந்திரத்தில் அது துளியாகவே நின்றுவிடும், எரியாது. ஆதலின் சில துளி பெற்றோலைக் காபரேற்றரின் வாயில் ஊற்றி இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். பிரித்தானியாவின் பழைய பேர்கூசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை, இதே முறையில், பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெய் போன்ற மலிவான எரிபொருளில் ஓடுமாறு தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டிருந்தது. எனவே, வன்னி மெக்கானிக்குகள் புதியதொன்றைக் கண்டுபிடித்தனர் என்பதைக் காட்டிலும், பொறியியலாளர் ஓர் உழவு இயந்திரத்திற்கு அமைதியாக வரைந்து செய்ததை, வரைபடமும் பாகமும் இன்றி ஒரு காருக்குச் செய்தனர் என்பதே பொருத்தமானது. அது பெரிதா சிறிதா என்பதைத் தம் கையால் ஒருமுறை காபரேற்றரைக் கழற்றிப் பூட்டியவர் சொல்லட்டும்.

மொறிஸ் மைனர் இதற்கு வாய்ப்பானதோர் அமைப்புடையது. காற்றையும் எரிபொருளையும் உள்ளிழுக்கும் குழாயும், புகையை வெளியேற்றும் குழாயும் அதன் இயந்திரத்தில் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்துள்ளன. புகைக்குழாயின் சூடு மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவும். பூநகரி வண்டியில் ஒரு செப்புக்குழாய் அந்தப் புகைக்குழாயைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றப்பட்டிருந்தது. எரிபொருளை இழுக்கும் மின்பம்பி பற்றறி இல்லாமையாற் கைவிடப்பட்டு, உயரத்தில் கட்டிய தகரக் கொள்கலனிலிருந்து எரிபொருள் தானே கீழிறங்கியது. அருகே பெற்றோலுக்கென ஒரு சேலைன் போத்தலும் அதன் குழாயும். முன்புறத்துத் துவாரத்தில் இரும்புக் கைபிடியை நுழைத்துச் சுழற்றினால் வண்டி எழும்பும். இவ்வளவிற்கும் விலை ஒன்று இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் உருளையின் சுவர் வழியே வடிந்து இயந்திர எண்ணெயுடன் கலக்கும். ஓட ஓட எண்ணெய் குறைவதே வழமை. மண்ணெண்ணெய் வண்டியில் அளவுகோலை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் கூடியிருக்கும்! கூடியது எண்ணெயன்று என்பதை உணராதவர்களின் இயந்திரங்கள் விரைவிற் பிடித்து நின்றன. முதலாவது இயந்திரம் இவ்வாறுதான் போயிற்று.

இதே 1990 களில் இங்கிலாந்தில் மொறிஸ் மைனருக்குப் புத்துயிர் வந்திருந்தது. பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர், புதிய காரை வாங்கி அதன் பெறுமதி தேய்வதைப் பார்த்திருப்பதைவிடப் பழைய காரைத் திருத்தித் திருத்தி வைத்திருப்பதே சிக்கனம் என்று வாதிட்டு 1982 இல் ஒரு நூலே எழுதியவர். அவரது முயற்சியால் அவ்வண்டிக்கான பாகங்கள் இலங்கையிலும் செய்யப்பட்டன. தீவின் தென்பகுதியில் இங்கிலாந்துக்கென மொறிஸ் பாகம் அடிக்கப்பட்ட அதே தசாப்தத்தில், வவுனியாவுக்கு வடக்கே ஒரு மொறிஸ் பாகம் செல்லுதல் தடைசெய்யப்பட்டிருந்தது. வரலாறு சில வேளைகளில் இவ்வாறு வேடிக்கை பார்ப்பதுண்டு.

வண்டியின் ஏனைய துன்பங்களை விரித்தல் வேண்டா. பூநகரியில் 1990 களின் முற்பகுதியில் இராணுவ முகாம் அமைந்தது. 1993 நவம்பரில் அங்கு பெருஞ்சமர் நிகழ்ந்தது. 1996 இல் முகாம் விலக்கப்பட்டது. 2008 நவம்பரில் இராணுவம் மீண்டும் வந்தது. ஒவ்வொரு முறையும் குடும்பம் வண்டியிலேறி வெளியேறியது. இறுதி முறை விசுவமடுவில் எரிபொருள் தீர்ந்தது. உறவினர் ஒருவரின் வளவில், பலாமரத்தடியில், வண்டி விடப்பட்டது. மீள்குடியமர்வின் பின்னர்த் தேடிச்சென்றபோது ஆசனங்களும் சில்லுகளும் இல்லை. மரச்சட்டத்தின் கீழ்ப்பாதி கறையானுக்கு இரையாகியிருந்தது. குடும்பத்தினர் முள்ளிவாய்க்கால் வரையும் அதற்கப்பால் முகாம் வரையும் சுமந்துசென்ற பொலித்தீன் பையில், பிறப்புச் சான்றிதழ்களுடனும் காணி உறுதியுடனும் வண்டியின் பதிவுப் புத்தகமும் இருந்தமையால், அது அவர்களுடையதென நிறுவ முடிந்தது. உழவு இயந்திரப் பெட்டியிலேற்றிப் பூநகரிக்குக் கொண்டுவந்தனர். அப்போது சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டிருக்கவில்லை. 2011 சனவரி 16 ஆம் நாள்தான் அது திறக்கப்பட்டது.

பல ஆண்டுகள் வண்டி கிடுகுக் கொட்டிலின் கீழ்க் கிடந்தது. வேலையைத் தொடங்கியவர் 1974 இல் வண்டியை வாங்கியவரின் பேரன், இருபத்தைந்து வயதுடைய இளைஞர். வீட்டின் பெரியவர், அதாவது இளைஞரின் தந்தையார், மண்ணெண்ணெய்க் காலம் முழுவதும் வண்டியை ஓட்டியவர், எட்டநின்று பார்த்தார். இறுகிய ஆணிகள் எதனாலும் இளகாதபோது, மண்ணெண்ணெயில் மூன்று நாள் ஊறவிடும்படி கூறியது மட்டுமே தொடக்கத்தில் அவரது பங்களிப்பு.

பூநகரியில் துரு என்பது ஏனைய இடங்களிற் போலன்று. மேற்கே பாக்குக் கடல், வடக்கே கடலேரி. சோளகக் காற்று வீசும் மாதங்களில் உப்பு தகரத்தின் ஒவ்வோர் இடுக்கிலும் புகும். வண்டியின் அடித்தளமும் கதவடிப் படிகளும் தொட்டாற் பொடிந்தன. வர்ணத்தைத் தேய்க்கத் தேய்க்க அடுக்கடுக்காக வெளிப்பட்டது: மேலே, வானூர்திக்கு அஞ்சித் தும்புக்கட்டையால் பூசிய கரும்பச்சை, அதன் கீழ் ஒரு நீலம், இன்னொரு நீலம், எல்லாவற்றுக்கும் கீழே 1955 இன் சாம்பல். தரைவிரிப்பின் கீழே, சாரதியின் கால்படும் இடத்தில், நிவாரணமாக வழங்கப்பட்ட மரக்கறி எண்ணெயின் தகரம் ஒன்றை வெட்டி விரித்து ஆணியறைந்திருந்தனர். அதன் எழுத்துகள் இன்னும் தெளிவாக வாசிக்கக் கூடியனவாயிருந்தன.

மரவேலை தனிக்கதை. ஆஷ் மரத்தாலான முழுச்சட்டத்தையும் இங்கிலாந்தில் இன்றும் செய்து விற்கின்றனர். இலண்டனில் வாழும் மூத்த சகோதரி விலை விசாரித்துச் சொன்னார். சட்டத்தின் விலையைவிட அதனைக் கப்பலேற்றும் செலவு அச்சுறுத்தியது. வண்டிச் சில்லு செய்த பரம்பரையில் வந்த தச்சர் ஒருவரிடம் பழைய துண்டொன்றைக் காட்டினர். அவர் அதனை முழங்காலில் வைத்து வளைத்துப் பார்த்தார். முதிரை பாரம், வளையாது. பாலை வெடிக்கும் என்று தள்ளி, சாவண்டலையைத் தெரிந்தெடுத்தார். ஆங்கிலேயர் ‘திருகோணமலை மரம்’ என்று பெயரிட்டுத் தேடியதும், பீரங்கி வண்டிகளுக்கும் சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்கும் கொண்டுசென்றதும் இம்மரத்தையே. ஆங்கில நூல் எதனையும் பார்த்திராத ஒருவர், அதிர்வைத் தாங்கும் தன்மை ஒன்றையே கருதி அதே முடிவுக்கு வந்தமை கவனிக்கற்பாலது. வளைந்த பகுதிகளை நேர்மரத்தில் வெட்டியெடுக்காது, இயல்பாகவே வளைந்த கிளைகளில் நார்ப்போக்கைப் பார்த்து வெட்டினார். இங்கிலாந்தின் தொழிற்சாலையில் இது நடந்திராது.

காபரேற்றரின் உட்பாகங்கள், தடைப்பாகங்கள், இறப்பர் வளையங்கள் முதலியன இலண்டனிலிருந்து அஞ்சலில் வந்தன. அவற்றில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. பணம் இருந்தால் வரும்.

கருத்து வேறுபாடு தோன்றியது செப்புக்குழாயில். புகைக்குழாயைச் சுற்றிய அந்த மூன்று சுற்று, சேலைன் குழாய்க்கெனத் துளைத்த துவாரம், எண்ணெய்த் தகரம், ஓரிடத்திலாவது ஒரு சதுரம் கரும்பச்சை ஆகியவற்றை அவ்வாறே விட்டுவைக்க வேண்டும் என்பது மகனின் எண்ணம். 1955 இல் ஒக்ஸ்போட்டில் செய்த காரைப் போல உலகில் ஆயிரக்கணக்கில் உள்ளன. மண்ணெண்ணெய்க் குழாயோடு எத்தனை உள்ளன என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமானது. பெரியவர் அதுவரை எட்ட நின்றவர், அன்று கொட்டிலுக்குள் வந்தார்.

“உந்தத் தகரத்தை ஏன்ரா தம்பி பொத்திப்பொத்தி வைச்சிருக்கிறாய்? நாங்கள் பட்ட பாட்டைக் காட்டி ஆரிட்டை என்ன வாங்கப்போறாய்?”

“ஆருக்கும் காட்ட இல்லை ஐயா. கிடந்தது கிடக்கட்டும்.”

“கிடந்தது காணும். கொப்பர் வேண்டேக்கை எப்பிடி இருந்ததோ அப்பிடிச் செய். சாம்பல் நிறம் அடி.”

‘கொப்பர்’ என்று அவர் தம் தந்தையாரையே குறிப்பிட்டார் போலும். கோபத்தில் உறவுமுறை ஒரு தலைமுறை சறுக்கியது.

இவ்விடத்துச் சற்று நின்று நோக்குதல் தகும். பழையதை மீட்பதென்றால் அதனை எந்த நாளுக்கு மீட்பது? மேனாட்டார் பெரும்பாலும் ‘தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளுக்கு’ என்று விடை கூறுவர். தமிழர் வாழ்வில் இவ்விடை அத்துணை இயல்பானதன்று. கிடுகு வேலியை ஆண்டுதோறும் பிரித்து அடைக்கிறோம், கதியாலும் மாறும், ஆயினும் அது பாட்டன் போட்ட வேலியே. கோயிலைப் பாலஸ்தாபனம் செய்து, திருப்பணி முடித்துக் குடமுழுக்காட்டினால், புதிய கல்லும் புதிய சுதையும் கொண்ட அக்கோயிலைப் பழைய கோயில் என்றே கும்பிடுகிறோம். பொருள் மாறினும் பயன் தொடர்வதே இங்கு தொடர்ச்சியாகக் கொள்ளப்படுகிறது. இந்நோக்கில், சாவண்டலைச் சட்டமும் வேறொரு வண்டியின் இயந்திரமும் கொண்ட இந்த மொறிஸ் அசலா நகலா என்ற ஐயத்துக்கே இடமில்லை. மகனின் கேள்வி இதற்கப்பாற்பட்டது. அவர் பேண விரும்பியது பொருளையோ பயனையோ அன்று, பட்ட காயத்தை.

காயத்தைப் பேணும் உரிமை எவருக்குரியது? அக்காலத்தை வாழ்ந்தவர் அதனை அழிக்க விரும்புகிறார். வாழாதவர் அதனைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க விரும்புகிறார். அனுபவித்தவரின் பக்கமே நியாயம் என்று விரைந்து தீர்ப்பளித்தல் எளிது. ஆயின், 1990 முதல் 2009 வரை வன்னி மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்கான பொருட்சான்றுகள் இரும்புக்கடைக்குப் போய்த் தீர்ந்துவருகின்றன. குப்பிவிளக்கு, சைக்கிள் டைனமோவில் பாடிய வானொலி, செப்புக்குழாய் சுற்றிய இயந்திரம் என்பவற்றை எதிர்கால மாணவன் எங்கே காண்பான்? மறுபுறம், ஒருவரின் வீட்டு வண்டி நூதனசாலையுமன்று. அதிலேறி அவர் கோயிலுக்குப் போக வேண்டும். கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் நிவாரணத் தகரத்தை மிதிக்கும்படி அவரைக் கேட்பது எந்த ஆய்வுக்காகவும் தகாது. மகன் தரப்பில் மிகுதியும் உண்மை இருந்தும், கொட்டிலுக்குள் அவ்வுண்மை சற்று இரக்கமற்றதாகவே ஒலித்தது.

2022 இன் நடுப்பகுதியில் நாடெங்கும் பெற்றோல் இல்லாது போயிற்று. நிரப்பு நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசை நின்றது. அயலவர் சிலர் பெரியவரிடம் வந்து, மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது எவ்வாறென்று வினவினர். அவர் வேண்டாவெறுப்பாகச் சொல்லிக்கொடுத்தார். ஓகத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டதோடு அந்த விசாரணையும் நின்றது. செப்புக்குழாய் அதுவரை கழற்றப்படவில்லை. அதன்பின்னரும் கழற்றும்படி எவரும் கூறவில்லை.

இயந்திரத்தை முதன்முதல் எழுப்பிய நாளன்று எரிபொருள் தாங்கியில் ஐந்து லீற்றர் பெற்றோல் இருந்தது, மின்பம்பி ‘டிக் டிக்’ என்று சீராக அடித்தது, பற்றறி புதியது. ஒரு குறையும் இல்லை. மகன் ஆசனத்தில் அமர்ந்து விசையை இழுக்க இருந்த வேளையில், பெரியவர் மூடியின் கீழே குனிந்து, சிறு போத்தலிலிருந்து நாலைந்து துளி பெற்றோலைக் காபரேற்றரின் வாயில் விட்டு, உள்ளங்கையால் அதனைப் பொத்தி, “ம்… இப்ப அடி” என்றார். தேவையற்ற செயல். இயந்திரம் இரண்டாம் சுழற்சியில் எழும்பியது. அவர் கையை எடுத்துத் தலையைச் சரித்து ஒலியைக் கேட்டார். பின்னர் அளவுகோலை இழுத்து எண்ணெய் கூடியிருக்கிறதா என்று பார்த்தார்.

வண்டிக்குச் சாம்பல் நிறமே அடிக்கப்பட்டது. இலக்கத்தகட்டைப் பெரியவர் தம் கையாலேயே எழுதினார். 1957 சனவரியில் வாகனத் தகடுகளிற் சிங்கள ஸ்ரீ எழுத்து நடைமுறைக்கு வந்து, அதனை எதிர்த்துத் தமிழர் போராட்டம் நடத்தி, 1958 இல் தகடுகளிற் தார் பூசப்பட்ட கதையை எழுதிக்கொண்டே சொன்னார். இவ்வண்டி அதற்கு ஈராண்டு முற்பட்டதாகையால் ஆங்கில எழுத்துடனேயே தப்பியது என்பதில் அவருக்கு ஒரு திருப்தி. புதிய அடித்தளத் தகட்டை வெட்டுவதற்கு அளவு தேவைப்பட்டபோது, கழற்றிய எண்ணெய்த் தகரத்தையே வைத்துக் கோடு கீறினர். அதனை என்ன செய்வதென்று மகன் யோசித்து, ஒரு கிழமையாகச் சுவரிற் சாத்தி வைத்திருந்தார். மாரிமழை தொடங்கிய அன்று காலை அது அங்கில்லை. கோழிக்கூட்டின் கூரையில் ஒழுக்கிருந்த இடத்தில், எழுத்து மேற்பக்கமாக, நான்கு ஆணியுடன் அறையப்பட்டிருந்தது.